‘மேகசின்’: ஒரு சொல்லின் பயணம்

ஆங்கிலத்தில் ‘மேகசின்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது இதழ். படைவீரருக்கோ அது துப்பாக்கியில் தோட்டாக்களை அடைத்துச் செருகும் பெட்டி. தொடர்பற்ற இவ்விரு பொருள்களுக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு?

விடை அரபு மொழியில் உள்ளது. ‘கஸன’ என்றால் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமிக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியே இச்சொல் இத்தாலியை அடைந்து ‘மகஸ்ஸீனோ’ ஆயிற்று. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தபோதும் கிடங்கு என்பதே அதன் பொருள். பின்னர் வெடிமருந்துக் கிடங்கைச் சிறப்பாகக் குறித்து, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிக்கும் பெயராயிற்று. ஸ்பானியர் ‘அல்’ என்னும் அரபு முன்னொட்டையும் விடாது ‘அல்மசென்’ என்றனர்.

இதழ் என்னும் பொருள் வந்த வழி வேறு. செய்திகளின் களஞ்சியம் என்ற கருத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சில நூல்கள் இப்பெயர் பூண்டன. 1731இல் எட்வர்ட் கேவ் என்பார் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டித் தருவது அதன் தொடக்க நோக்கம். ஆகவே பெயர் பொருத்தமாயிற்று. பிற இதழ்களும் அதனை ஏற்றன.

நூலைக் களஞ்சியமாகக் காணும் மரபு கிழக்கிலும் பழையது. 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஸாமி தம் காவியத்திற்கு ‘மக்ஸனுல் அஸ்ரார்’ (இரகசியங்களின் களஞ்சியம்) எனப் பெயரிட்டார். 1901இல் லாகூரில் ஷேக் அப்துல் காதிர் தொடங்கிய உருது இதழின் பெயரும் ‘மக்ஸன்’ என்பதே. பாரசீகர் கடையைக் குறிக்கும் ‘மகாஸா’ பிரெஞ்சிலிருந்து திரும்பி வந்த அதே சொல். நம் தமிழில் வழங்கும் ‘கஜானா’வும் இவ்வேரின் கிளையே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘எர்த்’ என்பது அரபின் ‘அர்ள்’ என்று மேடையில் கேட்டதாக மாணவர் ஒருவர் மகிழ்ச்சியுடன் என்னிடம் கூறினார். அச்சொல் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தது, ஒலியொப்புமை தற்செயலானது. ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. எந்த வழியில், எக்காலத்தில், எப்பொருளில் சொல் சென்றது என்று காட்ட வேண்டும். ‘மேகசின்’ இத்தேர்வில் தேறுகிறது, ‘எர்த்’ தேறவில்லை. பொய்ப் பெருமை ஒன்றைச் சேர்த்துரைத்தால், மெய்ப் பெருமையையும் உலகம் ஐயுறும்.

பூமியின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்க முன்வந்த நபி யூசுஃப் (அலை) தமக்குரியனவாகக் கூறிய தகுதிகள் இரண்டு: பேணிக் காத்தல், அறிந்திருத்தல். அல்குர்ஆன் (12:55) அங்கு ஆளும் ‘கஸாயின்’ என்னும் சொல்லும் இதே வேரினது. தானியக் களஞ்சியத்திற்கு வேண்டிய அவ்விரு தகுதிகள் சொற்களின் களஞ்சியத்திற்கும் வேண்டுமன்றோ?