ரீசேல் வீடு வாங்கப் போறீங்களா? பத்திரம் மட்டும் சரியா இருந்தா போதாது... அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

வில்லங்கச் சான்று பார்த்தாச்சு. தாய்ப்பத்திரத்தைப் படிச்சுட்டு வக்கீலும் ஓகே சொல்லிட்டார். பேங்க் லோனும் கிடைச்சிருச்சு. "அப்புறம் என்ன, நல்ல நாள் பார்த்து ரிஜிஸ்டர் பண்ணிடலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால், வாங்கப்போகும் வீட்டுக்குள் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கும் அரை மணி நேரம்கூட இருக்காது. அதிலும் பாதி நேரம் வாஸ்து பார்ப்பதிலேயே போயிருக்கும்!

தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 60 லட்சம் ரூபாய்க்குப் பதிவு செய்தால் இதற்கு மட்டுமே 5.4 லட்சம் ரூபாய். இவ்வளவும் கட்டி குடிபோன பிறகு, முதல் மழையிலேயே சீலிங் ஒழுகினால் என்ன செய்வது?

சட்டம் யார் பக்கம்?

பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால், ரெரா சட்டப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து புகார் சொன்னால், 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் கட்டி பத்து, பதினைந்து வருஷம் ஆன வீட்டுக்கு இது கைகொடுக்காது.

அங்கே வருவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். ஆனால், எந்தக் குறையை? வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை மட்டும்தான். அதாவது, பார்த்தாலே தெரியும் விரிசலைப் பார்க்காமல் விட்டால், அது உங்கள் தலையில்தான் விடியும்.

"பேங்க்ல இருந்து வந்து பார்த்தாங்களே?" என்று கேட்கலாம். அவர் வருவது வங்கியின் கடனுக்கு இந்த வீடு ஈடாகுமா என்று பார்க்க. பாத்ரூம் குழாய் ஒழுகுதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

எப்போது போகணும்?

குறைந்தது இரண்டு முறை போங்க. ஒருமுறை நல்ல பகல் வெளிச்சத்தில். இன்னொரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள். மற்ற இடமெல்லாம் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தால் ஏன் என்று கேளுங்க.

வெள்ளம் வந்த வீடா?

தெருவில் நின்று பாருங்க. ரோடு மேல் ரோடு போட்டு, வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநீர் உள்ளேதான் வரும். "இங்க வெள்ளம் வருமா?" என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சென்னையாக இருந்தால், "2015-ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயல்ல எப்படி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்க. பதில் தானாக வரும்.

எந்த விரிசல் ஆபத்து?

பூச்சில் மட்டும் தலைமுடி மாதிரி ஓடும் விரிசல் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசல், ஏடிஎம் கார்டின் ஓரம் நுழையும் அளவுக்கு அகலமான விரிசல் இதெல்லாம் இருந்தால் உஷார். அஸ்திவாரம் இறங்கியதால்கூட இப்படி வரலாம். தூணிலோ பீமிலோ விரிசல் இருந்தால், சிறியதாக இருந்தாலும் இன்ஜினியர் பார்த்தே ஆகணும்.

தலைக்கு மேலே பாருங்க

சீலிங்கிலும் சன்ஷேடிலும் துருக்கறை, உப்பிய பூச்சு, வெளியே தெரியும் கம்பி இருக்கா? கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் கூடும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்த்துவிடும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இது வேகமாக நடக்கும். மேலே பூசி மறைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி பெயரும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால், ஒரு இடத்திலாவது திறந்து காட்டச் சொல்லுங்க. மொட்டை மாடிக்கும் ஏறி, தட்டோடு விரிந்திருக்கா, தண்ணீர் தேங்குதா என்று பாருங்க.

பாத்ரூம், தண்ணீர், கரன்ட்

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஃப்ளஷும் அழுத்திப் பாருங்க. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினால், அது வடிகாலுக்குப் போகுதா, மூலையில் நிற்குதா என்று தெரிந்துவிடும். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரிடமும் கேளுங்க. உங்கள் பாத்ரூம் கசிவு தெரிவது அவர் வீட்டு சீலிங்கில்தான்!

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்க. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதையும் தாண்டினால் குழாய், ஹீட்டர் எல்லாம் உப்புப் படிந்து வீணாகும்.

மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கா? ஷாக் அடிக்கும்போது கரன்ட்டை நிறுத்தி உயிரைக் காப்பது இதுதான். வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. உடனே டிரிப் ஆகணும். ஆகவில்லை என்றால், எலெக்ட்ரீஷியனை வைத்து வயரிங், எர்த் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

குறை இருந்தால் வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. பழைய வீடு என்றால் குறை இருக்கத்தான் செய்யும். சந்தேகமாக இருந்தால், விற்பவருக்கோ புரோக்கருக்கோ தெரிந்தவராக இல்லாத சிவில் இன்ஜினியர் ஒருவரை நீங்களே அழைத்துப் போங்க. தேவைப்பட்டால் ரீபவுண்ட் ஹேமர் போன்ற கருவிகளால் இடிக்காமலேயே கான்கிரீட்டைச் சோதிப்பார்கள். ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அதை விலையில் குறைக்கச் சொல்லுங்க. இல்லையென்றால் பதிவுக்கு முன் விற்பவரே சரிசெய்து தர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

முக்கியமாக, இது எல்லாமே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நடக்கணும். பணம் கைமாறிய பிறகு பேரம் பேசுவது கஷ்டம். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று ஓனர் இழுத்தால், அட்வான்ஸையும் அப்புறமே கொடுத்துக்கலாம்!