வருமுன் காக்கும் கொள்கை

நுழையும்முன்

இயற்கையைக் காணச் செல்லும் பயணமே இயற்கைக்குச் சுமையாகிவிடுவதுண்டு. சுற்றுலா வளர வேண்டும். அது சார்ந்திருக்கும் நீரும் காடும் பறவையும் அழியாமல் இருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு அரசின் கொள்கைக்கு உண்டு. அக்கொள்கை எப்படி அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் ஊரும்

இராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் காவேரிப்பாக்கம். இவ்வூர் ஏரி தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. பல்லவர் காலத்தது என்று கூறப்படும் இவ்வேரிக்கு, வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் வருகிறது. ஏரி நிரம்பினால் வயல்களில் நெல் விளையும். கொக்கும் நாரையும் இரைதேடி வரும்.

இத்தகைய ஏரிக்கரையில் படகுத்துறையும் உணவகமும் விடுதியும் அமைந்தால் ஊருக்கு வருவாய் கிடைக்கும். ஆனால், விடுதியின் கழிவுநீர் எங்கே செல்லும்? படகு ஓட நீரைத் தேக்கி வைப்பதா, பயிர் வாடாமல் மதகைத் திறப்பதா? இரவெல்லாம் விளக்கெரிந்தால் பறவைகள் தங்குமா? இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை கூறுவதே கொள்கை.

சூழல் சுற்றுலா

இயற்கை எழில் நிறைந்த இடத்திற்குச் செல்வது மட்டுமே சூழல் சுற்றுலா ஆகாது. சூழலைக் காத்தல், உள்ளூர் மக்களின் வாழ்வை உயர்த்துதல், வருவோருக்கு இயற்கையைப் பற்றிய அறிவை ஊட்டுதல் ஆகிய மூன்றும் அதில் இணைந்திருக்க வேண்டும். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்று 1987இல் வெளியான ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் அறிக்கை வரையறுத்தது. சூழல் சுற்றுலாவுக்கும் இதுவே அளவுகோல்.

பாலாறு கற்பித்த பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தது. நாட்டிற்கு அந்நியச் செலாவணியை ஈட்டியது. எனினும், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் ஆய்வு, 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில் சுட்டப்பட்டது.

கேடு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிலில் கேடு முந்தியது, கட்டுப்பாடு பிந்தியது. சுற்றுலாவில் இவ்வரிசை மாற வேண்டும்.

தாங்குதிறன்

ஓரிடம் கெடாமல் எத்தனை பேரை ஏற்க முடியுமோ, அதுவே அதன் தாங்குதிறன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இணையவழி அனுமதிச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. மலைச்சாலைகள் திணறிய பின்னரே இவ்வரம்பு வந்தது. புதிய இடங்களில் முதல் படகு மிதக்குமுன்பே தாங்குதிறனைக் கணக்கிடுவது எளிது, செலவும் குறைவு.

சட்டத்தில் ஓர் இடைவெளி

ஈரநிலங்களில் ஆக்கிரமிப்பையும் கழிவு கொட்டுவதையும் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடுக்கின்றன. ஆனால், பாசனத்துக்கென மனிதர் உருவாக்கிய நீர்நிலைகள் அவ்விதிகளின் வரையறைக்குள் வருவதில்லை. தமிழகத்தின் ஏரிகளோ பெரும்பாலும் பாசனத்துக்கென வெட்டப்பட்டவை. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், 2007 ஆக்கிரமிப்பைத் தடுக்கிறது. சுற்றுலாவை எவ்வாறு நடத்துவது என்பதை அது கூறவில்லை. இவ்விடைவெளியை நிரப்ப மாநிலக் கொள்கை தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி 20 ராம்சர் தலங்களுடன் தமிழகம் இந்தியாவில் முதலிடம் வகிக்கிறது. பாசன ஏரிகளான வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அவற்றுள் அடங்கும்.

கொள்கையின் கூறுகள்

முதலாவது, பாசனமே முதல் உரிமை என்பதை எழுத்தில் உறுதிசெய்தல். இரண்டாவது, நீரின் தரத்தையும் பறவைகளின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் அளந்து, அதற்கேற்பப் பார்வையாளர் வரம்பை மாற்றுதல். மூன்றாவது, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏரிப் பராமரிப்புக்கும் ஊராட்சிக்கும் ஒதுக்குதல். நான்காவது, விவசாயிகளும் மீனவர்களும் முடிவெடுக்கும் குழுவில் இடம்பெறுதல்.

நான்காவது கூறே மற்றவற்றுக்கு அடித்தளம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்னும் உரிமை ஆவணத்தை 1798இலேயே அன்றைய ஆட்சியரிடம் பெற்றனர். அங்கே காவலும் பயனும் ஒரே கையில் இருந்தன. பறவைகள் தலைமுறை தலைமுறையாக வந்தன.

காவேரிப்பாக்கம் போன்ற ஏரிக்கு வருபவர் ஒரு மாலைப்பொழுதில் திரும்பிவிடுவார். அந்நீரை நம்பி நாற்று விடுபவர் அங்கேயே இருப்பார். அவரை முதலில் நினைத்து எழுதப்படும் கொள்கையே நீடித்து நிற்கும்.