பொதுப் பள்ளியும் சமயக் கல்வியும்

கடலூர் மாவட்டத்திலே சிதம்பரத்தை அடுத்துள்ளது கீரப்பாளையம். இவ்வூரைச் சூழ்ந்த பகுதி பல சமயங்களும் தழைத்து வளர்ந்த நிலமாகும். தில்லையில் நடராசப் பெருமானும் கோவிந்தராசப் பெருமாளும் ஒரே கோயிலுள் எழுந்தருளியுள்ளனர். கடற்கரையூராகிய பரங்கிப்பேட்டையில் பள்ளிவாசல்களும் தர்காக்களும் உள்ளன. கடலூரில் கிறித்தவத் தேவாலயங்கள் விளங்குகின்றன. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1872ஆம் ஆண்டில் சத்திய ஞான சபையை நிறுவினார்.

இந்நெறிகளைப் பின்பற்றும் மக்கள் யாவரும் அரசிற்கு வரி செலுத்துகின்றனர். அவ்வரிப்பணத்தால் நடைபெறும் பள்ளியில் எல்லார் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து பயில்கின்றனர். அங்கே எச்சமயத்தைப் போதிப்பது? ஒன்றனைப் போதிப்பின், ஏனையோர் பிள்ளைகள் தம் ஊர்ப் பள்ளியிலேயே அயலாரைப்போல் ஒதுங்கி நிற்க நேரும் அன்றோ?

இவ்வினாவை அரசியல் நிர்ணய சபை 1948ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஆராய்ந்தது. ஒவ்வொரு சமயமும் தன் நெறியே மெய்ந்நெறி எனக் கொள்கின்றது. ஆதலின் அச்சமயப் பூசல்கள் பள்ளியுள் புகுந்தால் அங்கு நிலவும் அமைதி குலையும் என்று டாக்டர் அம்பேத்கார் எடுத்துரைத்தார்.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் பள்ளிகளில் சமயப் போதனை கூடாது. சமயப் போதனை வேண்டுமெனக் கட்டளை வகுத்த அறக்கட்டளையால் நிறுவப்பெற்று, அரசால் நிருவகிக்கப்படும் நிலையங்களுக்கு மட்டும் இவ்விதியினின்று விலக்கு உண்டு. அரசின் ஏற்போ உதவிப் பணமோ பெற்ற பிற பள்ளிகளில், மாணவரை அவர்தம் இசைவின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தல் ஆகாது. மாணவர் உரிய வயது எய்தாதவராயின், பாதுகாவலரின் இசைவு வேண்டும்.

சிறுவர்தம் மனச்சான்றையும் சட்டம் காக்கும் என்பதற்குக் கேரளத்தில் நிகழ்ந்த வழக்கொன்று சான்றாகும். அங்கே ஒரு பள்ளியில் பயின்ற பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அதனால் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. மூவரேயாயினும் அவர்தம் உரிமை உரிமையே என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின், சமய நூல்களைப் பள்ளியில் கற்றல் ஆகாதோ எனின், அன்று. ஒரு சமயத்தை நம்புமாறு போதித்தல் வேறு. அதனைப் பற்றிக் கற்றறிதல் வேறு. இவ்வேறுபாட்டையும் அம்பேத்கார் அச்சபையில் விளக்கினார். தமிழ் கற்பார்க்கு இஃது எளிதில் விளங்கும். சைவர்தம் தேவாரமும், வைணவர்தம் திவ்வியப் பிரபந்தமும், சமணர்தம் சீவக சிந்தாமணியும், பௌத்தர்தம் மணிமேகலையும், கிறித்தவர்தம் தேம்பாவணியும், இசுலாமியர்தம் சீறாப்புராணமும் தமிழன்னையின் அணிகலன்களே. திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தில் கற்ற உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடி, அவர்தம் கோட்பாடுகளைக் கேட்டறிந்து, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதனால் அவர் தம் நெறியை இழந்தாரல்லர். தமிழோ இறவாப் பெருஞ்செல்வம் ஒன்றனைப் பெற்றது.

வழிபாடு அவரவர் இல்லத்திற்கும் ஆலயத்திற்கும் உரியது. பள்ளியோ அனைவர்க்கும் உரியது. தம் நெறியில் உறுதியும், பிறர் நெறியில் மதிப்பும் உடையராய் மாணவர் ஒழுகுதல் வேண்டும். அடுத்திருக்கும் தோழன் தன்னை அயலானாக உணராத வகுப்பே பொதுப் பள்ளி என்னும் பெயர்க்கு உரியதாகும்.