காளி செத்தானா, பிழைத்தானா? இரண்டும்தான்! தெரியுமா?

பிடித்த கதை முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மனசு அரிக்குமே, அந்த அரிப்பு தாங்காமல் பேனாவைத் தூக்குகிறவர்கள் எழுதுவதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். பாத்திரம் அடுத்தவருடையது, கதை நம்முடையது! நேற்று இணையத்தில் முளைத்த சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? சேலம், நாமக்கல் பக்கம் கொஞ்சம் வந்து பாருங்கள்!

திருச்செங்கோட்டு மலையைச் சுற்றி நடக்கும் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. கடைசியில் நாயகன் காளியைப் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டு நாவல் நின்றுவிடுகிறது. அவன் என்ன ஆனான்? அதை எழுதிய பெருமாள்முருகன் ஒரு பதில் சொல்லவில்லை, இரண்டு சொன்னார்! 2014-இல் ஒரே சமயத்தில் இரண்டு தொடர்ச்சி நாவல்கள். 'ஆலவாயன்' நாவலில் காளி செத்துப்போகிறான். 'அர்த்தநாரி'யில் உயிரோடு இருக்கிறான்! தன் பாத்திரத்துக்குத் தானே ரசிகனாகி இரண்டு விதி எழுதிய எழுத்தாளரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? (கதையைப் போட்டு உடைத்துவிட்டேனோ? போகட்டும், காளியின் மனைவி பொன்னா பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை.)

சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் வளைவு இன்றும் நிற்கிறது. 1950-இல் அங்கிருந்து வந்த 'மந்திரிகுமாரி' யாருடைய கதை தெரியுமா? ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை! அந்தக் காப்பியத்தில் இன்று மிஞ்சியிருப்பவை வெறும் 19 பாடல்கள்! நகைக்காகத் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்த கணவனை, 'கடைசியாக மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்' என்று ஏமாற்றி, அவனையே தள்ளிவிட்ட பெண் அவள். பாலி மொழிப் பௌத்தக் கதையில் பிறந்து, தமிழ்க் காப்பியத்தில் வளர்ந்து, கருணாநிதியின் நாடகத்தில் நடித்து, சேலத்துக்கு வந்து சினிமாவில் குதித்தாள்! அதை டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். அவருக்குத் தமிழே தெரியாது!

அதே கம்பெனியின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வெளியானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். ஆனால் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபாவே இல்லை என்பது தெரியுமா? அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709-இல் பாரிசில் வாயால் சொன்ன கதையை, பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கலாண்ட் உள்ளே சேர்த்துவிட்டார்!

அல்லி அரசாணி? வியாச பாரதத்தில் தேடினால் அந்தப் பெயரே கிடைக்காது! நம் ஊர்க் கதைப்பாடல்காரர்கள் அர்ஜுனனுக்கு மதுரையில் கட்டிவைத்த ராணி அவள். பத்துத் தலை போதாதென்று ராவணனுக்கு நூறு தலை வைத்ததும் உண்டு. 'சதகண்ட ராவணன் கதை'யில் அவனைக் கொல்வது ராமன் இல்லை, சீதை!

சரி, தானே எழுதாமல் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று வாசகர்கள் ஆசிரியருக்குப் போடும் கடிதங்கள்? 1893-இல் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விட்டார்களா? 1903-இல் எழுப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று! இல்லாத ஹோம்ஸின் பேக்கர் தெரு முகவரிக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் போடவே, அந்த இடத்தில் இருந்த நிதி நிறுவனம் ஒரு செயலாளரை வைத்திருந்தது! கல்கியும் வாசகர்களிடமிருந்து தப்பவில்லை. பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்காகவே 'பொன்னியின் செல்வ'னுக்கு முடிவுரை எழுதினார். அதற்கும் அடங்காமல் எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதிவிட்டார்!

இப்போது கடிதம் மின்னஞ்சலாகிவிட்டது. 1971-இல் கணினி விட்டுக் கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பிய ரே டாம்லின்சனுக்கு, அதில் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோனது! முத்து நெடுமாறன் தன் தமிழ் மென்பொருளுக்கு வைத்த பெயர் என்ன? முரசு அஞ்சல்!

உலகின் பெரிய ஃபேன் ஃபிக்‌ஷன் களஞ்சியங்களில் ஒன்றான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019-இல் ஹியூகோ விருதே வாங்கியது. அங்கே 1 கோடிக்கும் மேல் படைப்புகள்! யாராவது பாராட்டி ஒரு சொடுக்குப் போட்டால் உடனே தகவல் வராது. ஒரு நாள் பாராட்டை மொத்தமாக மூட்டை கட்டி ஒரே மின்னஞ்சலாக அனுப்புவார்கள். எழுதியவர் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்!

அந்தக் களஞ்சியத்தில் 'பொன்னியின் செல்வன்' நாயகன், நம் வந்தியத்தேவனும் இருக்கிறான் தெரியுமா? ஐந்து பாகத்து நாவலில் அவன் முதன்முதலாகக் குதிரையேறியது எதற்கு? ஆதித்த கரிகாலன் கொடுத்த இரண்டு ஓலைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க! ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தங்கைக்கு. அவனுடைய ரசிகர்கள் தபால்காரனைப் பற்றி எழுதிவிட்டுத் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள்!