வரைகலை அட்டையின் குளிர்விப்பை மேம்படுத்துதல்

கணினித் திரையில் தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டு உருவாக்கும் தனி அட்டை வரைகலை அட்டை எனப்படும். பேச்சுவழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு, முப்பரிமாண வரைவு, காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுக் கணக்கீடு போன்ற வேலைகளின்போது கணினியில் மிக அதிக மின்சாரம் எடுக்கும் பாகம் பெரும்பாலும் இதுதான். எடுத்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஆலையிலேயே பொருத்தி அனுப்பப்படும் அமைப்பைப் புதுப்பிப்பது, அதன் சில பகுதிகளை மாற்றுவது, அதை முழுவதும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஆகிய மூன்றும் குளிர்விப்பை மேம்படுத்துதல் என்பதில் அடங்கும்.

இவ்வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கின்றனர். அது முதன்மைச் சில்லின் வெப்பநிலை. ஆனால் அட்டையில் சூடாகும் இடங்கள் மூன்று: வரைகலைச் சில்லு, அதைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகள், இவற்றுக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் மின்னழுத்தச் சீராக்கிகள். முதன்மைச் சில்லு நன்றாகக் குளிர்ந்திருக்க, சீராக்கி கவனிப்பாரின்றிச் சூடேறிப் பழுதாகும் வாய்ப்பு உண்டு. ஆகவே திருகைக் கழற்றும் முன், இம்மூன்றின் வெப்பமும் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

வெப்பத்தின் அளவு

தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக ஓர் அட்டைக்குக் கிடைக்கும் மின்திறன் அதிகபட்சம் 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய அட்டைகள் அந்த அளவுக்குள்ளேயே இயங்கக்கூடியவை. ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் அளவு 170 வாட். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 அட்டைக்கு 350 வாட். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு 450 வாட். சமையலறை மிக்சி ஒன்று எடுப்பதும் ஏறக்குறைய இந்த அளவுதான். மிக்சி இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். அட்டையோ மணிக்கணக்கில் ஓடும்.

வெப்பத்தை வெளியேற்றும் முயற்சியில் இரைச்சல் கூடிய கதையும் பழையது. 2003இல் வெளிவந்த ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா அட்டையின் மின்விசிறிச் சத்தம் அவ்வளவு பெயர் பெற்றது. என்விடியா நிறுவனமே அதைக் கேலி செய்து ஒரு காணொளி எடுத்தது.

இன்றைய அட்டைகள் சூடேறியவுடன் எரிந்துபோவதில்லை. வரம்பை நெருங்கும்போது சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஜிடிஎக்ஸ் 1080 அட்டைக்கு என்விடியா குறிப்பிடும் உச்ச வெப்பநிலை 94 பாகை செல்சியஸ். ஏஎம்டி நிறுவனமோ ரேடியான் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி அட்டையில் சில்லின் மிகச் சூடான புள்ளி 110 பாகை வரை செல்வது இயல்பே என்கிறது. எனவே 75 பாகையில் ஓடும் அட்டையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அதை 55 பாகைக்கு இறக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கும் வேகம் சொற்பமே. சத்தம் குறைவதும், நீண்ட நேர வேலையில் வேகம் ஏறி இறங்காமல் நிற்பதும்தான் உண்மையான பலன்.

வெப்பம் செல்லும் பாதை

சிலிக்கான் சில்லில் பிறக்கும் வெப்பம் முதலில் தெர்மல் பேஸ்டைக் கடக்கிறது. பிறகு செம்பு அடித்தட்டு, அதிலிருந்து வெப்பக்குழாய்கள், அவற்றில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், தகடுகளுக்கு இடையே ஓடும் காற்று, அந்தக் காற்று நிறையும் கேபினட், கடைசியாக அறை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அதைச் சரிசெய்தால்தான் பயன் கிடைக்கும். கேபினட்டில் காற்று வெளியேற வழியில்லாதபோது விலையுயர்ந்த பேஸ்ட் வாங்கிப் பூசுவது, வடிகால் அடைத்த வீட்டில் குழாயை மாற்றுவது போன்றது.

செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட். அலுமினியத்துக்குச் சுமார் 237. அசையாத காற்றுக்கு 0.03கூட இல்லை. சில்லும் அடித்தட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. அந்தப் பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதே பேஸ்டின் வேலை. அது செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி என்பதால் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வெப்பக்குழாய் வெறும் செம்புக் கம்பி அல்ல. உள்ளே காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர் மட்டும் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கு மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதைச் செய்துகாட்டினார். இதே தத்துவத்தைத் தட்டையான பெட்டியாக அமைத்தால் அது ஆவி அறை எனப்படும். உயர்விலை அட்டைகள் பலவற்றில் அதைக் காணலாம்.

பழுதான கண்ணியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கேபினட்டை மூடி வைத்து, கடினமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளவும். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதையே மீண்டும் செய்யவும். வெப்பநிலை நன்றாக இறங்கினால் குறை அட்டையில் இல்லை, கேபினட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது. அறை வெப்பநிலையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். அறை 10 பாகை சூடானால், மின்விசிறி வேகம் மாறாத நிலையில், சில்லும் ஏறக்குறைய 10 பாகை சூடாகும். குளிரூட்டப்பட்ட அறையில் எடுத்த இணைய மதிப்புரை எண்களைக் கோடைப் பகல் அறையில் எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர்.

முதலில் செய்யவேண்டியவை

தூசியை நீக்குவது முதல் வேலை. காற்றை ஊதும்போது மின்விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அது அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி கெடலாம்.

இரண்டாவது, மின்னழுத்தத்தைக் குறைப்பது. பலர் இதை வேகத்தைக் குறைக்கும் வழி என எண்ணி ஒதுக்குகின்றனர். சில்லின் இயக்கத்தில் செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறுகிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் இந்தச் செலவு 19 விழுக்காடு குறையும். ஆலையில் எல்லாச் சில்லுகளும் பிழையின்றி ஓடவேண்டும் என்பதற்காகச் சற்று அதிக மின்னழுத்தம் வைக்கப்படுவதால், இவ்வாறு குறைக்கப் பெரும்பாலும் இடம் இருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் இதைச் சிறுசிறு படிகளாகச் செய்யலாம். அளவு மீறினால் விளையாட்டு நின்றுவிடும் அல்லது கணினி மறுதொடக்கம் ஆகும். ஒரு படி பின்வாங்கினால் போதும். எந்தப் பாகத்தையும் தொடாமல் அட்டையின் வெப்பத்தைக் குறைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு இதைச் செய்துபார்ப்பதே அறிவுடைமை.

பேஸ்டும் பேடும்

வரைகலைச் சில்லின் மேல் உலோக மூடி இருப்பதில்லை; சிலிக்கான் நேரடியாக அடித்தட்டைத் தொடுகிறது. ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் இரண்டும் சிறிது விரிந்து சுருங்குவதால், நடுவிலுள்ள பேஸ்ட் சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. இதன் அடையாளத்தை மென்பொருளிலேயே காணலாம். சில்லின் பொது வெப்பநிலைக்கும் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலைக்கும் இடையே வழக்கமாகப் பத்துப் பதினைந்து பாகை வேறுபாடு இருக்கும். அது முப்பதுக்கு மேல் போனால் பேஸ்ட் நகர்ந்துவிட்டது அல்லது தட்டு சரியாகப் பதியவில்லை என்று கொள்ளலாம். மிக நீர்த்த பேஸ்ட் விரைவில் நகரும் என்பதால் கெட்டியானதையே தேர்ந்தெடுப்பது நல்லது. சுமார் 45 பாகையில் இளகும் நிலைமாற்றத் தாள்களும் இப்போது கிடைக்கின்றன.

அட்டையைத் திறக்கும்போது மின்விசிறிகளுக்குச் செல்லும் மெல்லிய கம்பிகளை நினைவில் கொள்ள வேண்டும். திருகுகள் கழன்றதும் குளிர்விப்பானை வேகமாக இழுத்தால் அவை பிய்ந்துவிடும். பழைய பேஸ்ட் இறுகியிருந்தால், அட்டையைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு மெதுவாகத் திருகி எடுக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, சில்லின் முழுப் பரப்பும் மூடும்படி புதிய பேஸ்டைப் பூச வேண்டும். மீண்டும் முடுக்கும்போது எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூலையை முழுவதும் இறுக்கினால் மூடியில்லாத சிலிக்கானின் விளிம்பு உடையக்கூடும்.

நினைவகத்துக்கும் சீராக்கிகளுக்கும் பேஸ்டுக்குப் பதில் தெர்மல் பேட் என்ற மென்மையான பட்டை இருக்கும். அடித்தட்டுக்கும் இவற்றுக்கும் இடையே மில்லிமீட்டர் அளவில் இடைவெளி உள்ளதால் பேஸ்ட் எட்டாது. இங்குதான் பெரும்பாலான மேம்படுத்தல்கள் சறுக்குகின்றன. பேட் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் அடித்தட்டு மேலெழுந்து சில்லைத் தொடாமல் நிற்கும். குறைந்தால் நினைவகம் தட்டையே தொடாது. ஒரே அட்டையில் இரண்டு மூன்று தடிமன்கள் பயன்பட்டிருக்கலாம். ஆகவே பழைய பேடுகளை இடம்வாரியாகப் படமெடுத்து, அழுந்தாத ஓரத்தில் தடிமனை அளந்த பிறகே புதியவற்றை வாங்க வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 3090: பின்பக்க நினைவகம்

நினைவகத்தின் வெப்பம் எவ்வளவு எளிதாகக் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு இந்த அட்டையே சிறந்த எடுத்துக்காட்டு. இதில் 24 ஜிகாபைட் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் உள்ளது. அது 24 சில்லுகளாகப் பிரிந்து, 12 முன்பக்கத்திலும் 12 பலகையின் பின்பக்கத்திலும் அமைந்திருக்கிறது. பெரிய ஹீட் சிங்கும் மின்விசிறிகளும் இருப்பது முன்பக்கத்தில். பின்பக்கச் சில்லுகளுக்குக் கிடைப்பது ஒரு உலோகப் பின்தகடும் இடையே ஒரு பேடும் மட்டுமே.

விளையாட்டில் இது பெரிதாகத் தெரியவில்லை. எத்தீரியம் நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டும் வேலையில் நினைவகமே ஓயாமல் உழைத்தது. முதன்மைச் சில்லு 60 பாகை சொச்சத்தில் அமைதியாக இருக்கையில் நினைவகம் 110 பாகையைத் தொட்டு, அட்டை வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருள்கள் நினைவக வெப்பநிலையைத் தனியே காட்டத் தொடங்கிய பிறகே பயனர்கள் காரணத்தைக் கண்டனர். பேடுகளை மாற்றுவது, பின்தகட்டின் மேல் சிறு ஹீட் சிங்குகளும் ஒரு மின்விசிறியும் வைப்பது என வீட்டு வைத்தியங்கள் பரவின. நீர்க்குளிர்விப்புப் பாகங்கள் செய்யும் ஈகே நிறுவனம் பின்பக்கத்துக்கும் நீர் ஓடும் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ அட்டையில் கொள்ளளவு இருமடங்கான சில்லுகள் 12 மட்டும், அனைத்தும் முன்பக்கத்திலேயே வைக்கப்பட்டன.

2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் அந்த வேலை நின்று, இவ்வட்டைகள் ஏராளமாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. 24 ஜிகாபைட் நினைவகம் வேண்டி, மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும் மாணவர்கள் இன்றும் இவற்றை வாங்குகின்றனர். அத்தகைய அட்டையை வாங்கினால் முதலில் பார்க்கவேண்டியது நினைவக வெப்பநிலை.

குளிர்விப்பானையே மாற்றுதல்

பேஸ்ட், பேட் மாற்றியும் போதவில்லை என்றால் மின்விசிறிகளை மாற்றலாம். அட்டையின் பிளாஸ்டிக் உறையையும் சிறு விசிறிகளையும் கழற்றிவிட்டு, ஹீட் சிங்கின் மேல் இரண்டு 120 மில்லிமீட்டர் கேபினட் விசிறிகளை கேபிள் டை கொண்டு கட்டுவது பரவலான முறை. அழகில்லை, ஆனால் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளுவதால் சத்தம் வெகுவாகக் குறையும். ஆலையின் ஹீட் சிங்கும் பேடுகளும் அப்படியே இருப்பதால் ஆபத்தும் குறைவு. அட்டையிலுள்ள விசிறிக் கனெக்டர் சிறியது என்பதால், அதன் வழியே வேகத்தைக் கட்டுப்படுத்த மாற்று அடாப்டர் தேவைப்படும்.

ஆர்க்டிக் அக்செலெரோ, ராஜின்டெக் மார்ஃபியஸ் போன்ற தனிக் குளிர்விப்பான்கள் முதன்மைச் சில்லை மிக நன்றாகக் குளிர்விக்கக்கூடியவை. ஆனால் நினைவகத்துக்கும் சீராக்கிகளுக்கும் சின்னஞ்சிறு ஹீட் சிங்குகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பசை விட்டு ஒன்று கழன்று விழுந்தால் அந்தச் சீராக்கி வெறும் காற்றை நம்பி நிற்கும். விழுந்த உலோகத் துண்டு மின்சுற்றைக் குறுக்கிடவும் கூடும். செயலிக்கான நீர்க்குளிர்விப்பானை அட்டையில் பொருத்த உதவிய என்இசட்எக்ஸ்டி கிராகன் ஜி12 சட்டத்தில் 92 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும் இருந்ததற்குக் காரணம் இதுதான்: நீர் சில்லை மட்டும் குளிர்விக்கும், விசிறி மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றையும் நீரே குளிர்விக்க வேண்டுமானால் அந்த அட்டை மாதிரிக்கென்றே கடைந்த முழுநீளத் தகடு வேண்டும். ஒரே சில்லைப் பயன்படுத்தும் இரு நிறுவன அட்டைகளின் பலகை அமைப்பு வேறாக இருக்கும் என்பதால் மாதிரி எண் சிறிதும் மாறக்கூடாது. கேலியம் கலந்த திரவ உலோகத்தைப் பேஸ்டுக்குப் பதிலாகப் பூசுவோரும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு துளி பக்கத்திலுள்ள மின்தேக்கியின் மேல் சிந்தினால் அட்டை போய்விடலாம். சில பாகை ஆதாயத்துக்காக இந்த ஆபத்தை ஏற்பது முதல்முறை செய்பவருக்கு ஏற்றதல்ல.

பல அட்டைகளில் திருகின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சிறு ஒட்டுத்தாள் கிழிந்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம். இவ்விதி நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். வாரண்டிக் காலம் மிச்சமுள்ள அட்டை அளவுக்கு மீறிச் சூடானால் அதைத் திறக்காமல் விற்பனையாளரிடம் கொடுப்பதே முறை. காலம் முடிந்த அட்டையைத் திறந்து மூடியபின், முதல் பத்து நிமிடம் அதைக் கடினமான வேலைக்கு விடாமல் மூன்று வெப்பநிலைகளையும் கவனிக்க வேண்டும். சீராக்கிக்கு உணரி இல்லாத அட்டைகளில், அகச்சிவப்பு வெப்பமானியைப் பலகையின் பின்பக்கம் நோக்கிப் பிடித்துத் தோராயமாக அறியலாம். சில்லு குளிர்ந்து நினைவகம் முன்பைவிடச் சூடாகியிருந்தால் ஏதோ ஒரு பேட் தட்டைத் தொடவில்லை. அட்டையை உடனே அணைத்து, மீண்டும் திறந்து, பேடில் சில்லின் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.