பி.டி.எப். பக்கத்தை வெட்டினால், வெட்டியது போய்விடுமா?

பி.டி.எப். பைலைத் திறந்தால் நான்கு பக்கமும் வெள்ளை இடம், நடுவில் எறும்பு போல எழுத்து. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. இதற்குக் காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டாம். கட்டளை டைப் செய்யும் கறுப்புத் திரையும் இரண்டு இலவசப் புரோகிராம்களும் போதும். பெயர்களை உச்சரிப்பில் தருகிறேன். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இடைவெளி, புள்ளி இல்லாமல் டைப் செய்யுங்கள்.

முதலாவது, பி.டி.எப்.கிராப். டெக் லைவ் என்ற தொகுப்பை நிறுவினால் கூடவே வரும். இந்தப் பெயரை டைப் செய்து, இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகளுடன் ஒட்டி மார்ஜின்ஸ் என்று டைப் செய்யுங்கள். மறுபடி இடம் விட்டு 10, பிறகு பைலின் பெயர். என்டர் தட்டினால் ஓரம் குறைந்த புதுப் பைல் தயார். பழைய பைல் அப்படியே இருக்கும். இங்கே 72 என்பது ஒரு அங்குலம். ஆகவே 10 என்றால் மெல்லிய ஓரம்.

ஸ்கேன் செய்த புத்தகங்களில் இது சரிவராமல் போகலாம். எங்கள் தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி போன்ற நூல்களின் பழைய பதிப்புகளில் ஓரத்தில் நிழலும் கறையும் விழுந்திருக்கும். புரோகிராம் அதையும் எழுத்து என்றே எண்ணும். அப்போது மார்ஜின்ஸ் 10 என்பதற்குப் பதிலாக இரண்டு கோடுகளுடன் பி-பாக்ஸ் (பி, பி, ஓ, எக்ஸ்) என்று கொடுத்து, இடது, கீழ், வலது, மேல் என்ற வரிசையில் நான்கு எண்களை மேற்கோள் குறிக்குள் தர வேண்டும். ஏ4 பக்கம் 595 அகலம், 842 உயரம். அதற்கு 50 60 545 780 என்று தொடங்கிப் பார்க்கலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு வாடகைக்கு விடும் நண்பர் ஒருவருக்கு, வர இருந்தவர் போன் பில்லில் முகவரியை மட்டும் இப்படி வெட்டி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, மிச்சத்தை யாரும் பார்க்க முடியாதுல்லா?" என்று கேட்டார் நண்பர். முடியும். இந்த முறை மிச்சத்தை அழிப்பதில்லை. திரை போட்டு மறைக்கிறது, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர் திரையை விலக்கிவிடுவார்.

நிஜமாகவே வெட்ட, பாப்ளர் தொகுப்பில் உள்ள பி.டி.எப்.டு.பி.பி.எம். உதவும். (டு என்பதற்கு டி, ஓ.) இது பக்கத்தைப் படமாக்கி, கேட்ட பகுதியை மட்டும் தரும். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு கோடு போட்டு ஆர் 300, எக்ஸ் 0, ஒய் 0, டபிள்யூ 2480, எச் 1200 என்று கொடுங்கள். டபிள்யூவும் எச்சும் மட்டும் பெரிய எழுத்து. அடுத்து ஒரு கோட்டுடன் பி.என்.ஜி., பைலின் பெயர், புதுப் படத்துக்கு ஒரு பெயர். ஏ4 பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு படமாக வரும். மற்றது அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது.

ஆதார் கேட்டால் வெட்டும் வேலையே வேண்டாம். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

படிக்க வசதியாக இருக்க வேண்டுமானால் முதல் முறை. அடுத்தவருக்கு அனுப்புவதானால் இரண்டாவது முறை.