ஓடு பறந்தால் முதலில் ஒரு போட்டோ!

ஐப்பசி பிறந்தாலே எங்கள் கோட்டையூர்ப் பக்கம் கூரையைப் பற்றித்தான் பேச்சு. நாட்டு ஓடு வேய்ந்த பெரிய வீடுகள். நாலு ஓடு நகர்ந்தால் போதும், தேக்குச் சட்டத்தில் தண்ணீர் இறங்கிவிடும். 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையைப் படுத்திய பாட்டை மறக்க முடியுமா?

நகைக்கு லாக்கர் தேடுகிற நாம் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க மட்டும் யோசிக்கிறோம். 2021 ஏப்ரலில் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று வீடுகளுக்கான பொதுவான பாலிசி வந்தது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் நாள்பட்ட தேய்மானத்துக்குப் பணம் கிடையாது. சிக்கலே இங்கேதான்! பழைய வீடு என்றதும், "புயலில் உடைந்ததா, முன்பே உளுத்துப் போனதா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

மழைக்கு முன்: ஓடு மாற்றும்போது கூரையைப் போட்டோ எடுங்கள். ஓடு வாங்கிய ரசீதையும் கூலிச் சீட்டையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வீடா? வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்குமா? பாலிசி எடுக்கும்போதே அதை எழுத்தில் தெரிவித்து விடுங்கள்.

புயல் ஓய்ந்ததும்: ஈரக் கூரையில் யாரையும் ஏற்றாதீர்கள். கீழே நின்றே நாலு பக்கமும் படம் எடுத்து, அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் தரும் நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ஆளை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடலாம். மேலும் நனையாமல் காப்பதும் நம் பொறுப்புத்தான். உடைந்த ஓடுகளைக் குப்பையில் கொட்ட வேண்டாம். கம்பெனி அனுப்பும் சர்வேயர் (நிலம் அளப்பவர் இல்லை, சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து பார்த்த பிறகே முழு வேலையை ஆரம்பியுங்கள். ஓடு, மரம், கூலி என்று தனித்தனியாகக் கொத்தனாரிடம் கணக்கு எழுதி வாங்குங்கள். கிளெய்ம் பாரத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பணம் இல்லை என்றால்: "சரி, நம் தலையெழுத்து" என்று திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஆகவே சகோதரிகளே, இந்த வருஷம் கூரை வேலைக்கு ஆள் வரும்போது, கூலியைக் கொடுத்த கையோடு ஒரு சீட்டும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நமக்காகப் பேசப் போவது அந்தச் சீட்டுத்தான்.